எதற்கு வந்தாய், எங்கிருந்து வந்தாய்

வட்டுக்கோட்டை என்றதும் நம்மில் பலருக்கு 1976ஆம் ஆண்டுத் தீர்மானம்தான் ஞாபகம் வரும். அந்தத் தீர்மானத்துக்கு 153 ஆண்டுகள் முன்பு, அதே யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பாதிரிமார் 1823இல் அதற்கான திட்ட அறிக்கையை வெளியிட்டார்கள். தமிழ் இளைஞர்களுக்கும் பிற இளைஞர்களுக்குமான கல்லூரி என்று அதன் தலைப்பு சொன்னது. முப்பத்திரண்டு வருஷம் நடந்த பிறகு, நடத்தியவர்களே அதை மூடினார்கள். மாணவர்கள் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். வருகிறவர்கள் தப்பான காரணத்துக்காக வருகிறார்கள் என்பதுதான் மூடியவர்களின் மனக்குறை.

ஒரு கல்லூரி தன் வாசலில் வந்து நிற்பவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க முடியும். எதற்கு வந்தாய்? எங்கிருந்து வந்தாய்? முதல் கேள்வி 1855இல் வட்டுக்கோட்டைக் கல்லூரியை மூடியது. இரண்டாவது கேள்வி இன்றைக்குத் தர்மபுரி மாவட்டத்தில், அணைக்கட்டுகளை ஒட்டிய முகாம்களில் வளரும் பிள்ளைகளை நோக்கி நிற்கிறது. அவர்களின் தாத்தா பாட்டிகள் அதே இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள். இந்த இரண்டு கேள்விகளையும் கேட்க ஒரு கல்லூரிக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் அந்தப் பழைய கல்லூரியின் கதை.

*

அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் போரிட்டு முடித்திருந்த நேரம் அது. அமெரிக்கர்கள் என்றாலே பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குச் சந்தேகம். கொழும்பிலிருந்து தள்ளி வடக்கு மூலையில் இருந்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். அவர்கள் கல்லூரி தொடங்க அனுமதி கேட்டபோது பிரிட்டிஷ் ஆட்சி மறுத்துவிட்டது. அதனால் கல்லூரி என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. செமினரி என்று வைத்துக்கொண்டார்கள். ஆக, அந்தக் கல்லூரியின் வெளிநாட்டவர்கள் அதைத் தொடங்கியவர்கள்தான். 'நீ எங்கிருந்து வந்தாய்' என்ற கேள்வி முதலில் அவர்களிடம்தான் கேட்கப்பட்டது.

முதல் முதல்வர் டேனியல் பூர். பாடத்திட்டத்தைப் பார்த்தால் இன்றைக்கும் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானியல், தர்க்கம், இயற்கை விஞ்ஞானம், இவை எல்லாவற்றோடும் வேதாகமம். 1829இல் ஒரு சந்திர கிரகணத்தை வைத்துப் பெரிய சர்ச்சை நடந்தது. உள்ளூர்ப் பஞ்சாங்கம் ஒரு கணக்குச் சொன்னது, செமினரி வேறொரு கணக்குச் சொன்னது. கிரகண ராத்திரியில் செமினரியின் கணக்கே சரியாக இருந்தது. பாதிரிமார் அதைத் தங்கள் மதத்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் அதைக் கணக்கின் வெற்றியாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரே நிலவைத்தான் இரண்டு தரப்பும் பார்த்தது.

இந்த இடைவெளி கடைசிவரை இருந்தது. கொடுப்பவர் ஒன்றை நினைத்துக் கொடுக்கிறார், வாங்குபவர் வேறொன்றை நினைத்து வாங்குகிறார். சில சமயம் கொடுக்க வந்தவரே வாங்கிக்கொண்டு போனார். பூருக்குப் பின் முதல்வரான ஹென்றி ஹொய்சிங்டன் சைவத்தை மறுப்பதற்காக அதைப் படிக்கத் தொடங்கியவர். அவர்தான் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1850களில் அமெரிக்காவில் வெளியிட்டார். மதம் பரப்ப அனுப்பப்பட்டவர் கையோடு சைவ சித்தாந்தம் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது.

படிப்பு இலவசம்தான். ஆனால் விலை இருந்தது. அமெரிக்காவில் ஒரு குடும்பமோ சபையோ ஒரு பையனின் செலவை ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு அவர்கள் சொல்லும் பெயரை அந்தப் பையன் சூடிக்கொள்வான். ஆர்னால்டு சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்றெல்லாம் நம் இலக்கிய வரலாற்றில் வரும் விசித்திரமான பெயர்கள் இப்படி வந்தவைதான். நேரில் பார்த்தேயிராத யாரோ ஒரு அமெரிக்கரின் பெயரை ஆயுசு முழுக்கச் சுமந்தார்கள். படிப்புக்காக ஒருவன் தன் பெயரில் பாதியைக் கொடுத்திருக்கிறான் என்றால், அதை இலவசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். திட்ட அறிக்கையின் தலைப்பில் 'பிற' என்ற சொல் இருந்தாலும், வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர்கள். கடல் தாண்டி வந்த ஆசிரியருக்குத் திறந்த ஊர், பக்கத்துத் தெருவிலிருந்து வரவேண்டிய மாணவருக்குத் திறக்கவில்லை. தூரத்து அந்நியனை ஏற்றுக்கொள்வது சுலபம். பக்கத்து அந்நியன்தான் கஷ்டம். தர்மபுரிக்கு வரும்போது இது மறுபடி தேவைப்படும்.

*

செமினரியின் புகழ் பரவியது. இலங்கையின் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் அதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டு எழுதினார். ஆனால் அமெரிக்காவில் பாஸ்டனில் இருந்த தலைமைச் சங்கத்துக்கு நிம்மதி இல்லை. படித்து முடித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ப் போதகம் செய்வார்கள் என்று எதிர்பார்த்தால், அவர்கள் கச்சேரி உத்தியோகத்துக்குப் போனார்கள். நில அளவைக்குப் போனார்கள். மொழிபெயர்ப்பாளர்களாகவும் வாத்தியார்களாகவும் ஆனார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களில் சிலர் பிறகு சைவத்துக்கே திரும்பிவிட்டார்கள். "இங்கிலீஷ் படிச்சா உத்தியோகம்" என்ற கணக்கு யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது.

1855இல் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து ஆராய்ந்தார். அந்த வருஷமே செமினரி மூடப்பட்டது.

ஆண்டர்சனை வில்லனாக்கிவிடுவது சுலபம். அவருடைய வாதத்தைக் கேட்டால் அப்படிச் செய்யத் தோன்றாது. ஆங்கிலக் கல்வி பையன்களை அவர்களுடைய ஊரிலிருந்தும் மொழியிலிருந்தும் பிய்த்தெடுக்கிறது, உள்ளூர்ச் சபைகள் உள்ளூர் மொழியில் உள்ளூர்க்காரர்களால் நடக்க வேண்டும், அதற்குத் தாய்மொழிக் கல்வி போதும் என்றார். தாய்மொழிக் கல்விக்காகப் பேசும் நாம் இன்றும் சொல்கிற வாதங்களில் பாதி இதில் இருக்கிறது. இன்னொரு நியாயமும் அவர் பக்கம் உண்டு. அந்தக் காசு அவருடையதல்ல. அமெரிக்கச் சபைகளில் சாதாரண ஜனங்கள் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகக் கொடுத்த காணிக்கை. கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கு அது போகிறதா என்று பார்ப்பது அவர் கடமை.

அப்படியானால் மூடியது சரிதானா?

கோடைக்காலத்தில் ஒருவர் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார். பந்தலில் தன் கட்சித் தலைவரின் படத்தை மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் படத்தைப் பார்க்காமல் மோரைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். நாளையிலிருந்து பந்தல் கிடையாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? உண்டு. நமக்குச் சிரிப்பு வரலாம், சின்ன ஆள் என்று நினைக்கலாம், ஆனால் உரிமை இல்லை என்று சொல்ல முடியாது. ஆண்டர்சனின் தரப்பை இப்படித்தான் நியாயப்படுத்துவார்கள்.

ஆனால் கல்லூரியைத் தண்ணீர்ப் பந்தலோடு ஒப்பிட்டால் சரியாக வராது. மோர் குடிப்பவர் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறார். மாணவன் தன் வயதில் ஏழெட்டு வருஷத்தைக் கொடுக்கிறான். வட்டுக்கோட்டையில் பெயரையே கொடுத்தான். குடும்பம் அவனை வயலுக்கு அனுப்பாமல் உள்ளூராரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு இங்கே அனுப்பியது. நிறுவனர் பணத்தை வைத்தார், மாணவர்கள் வாழ்க்கையை வைத்தார்கள். இரண்டு முதலீடும் சேர்ந்துதான் கல்லூரி. ஒரு பங்குதாரர் மட்டும் வந்து 'என் நோக்கம் நிறைவேறவில்லை' என்று கதவைப் பூட்டினால், மற்ற பங்குதாரரின் நோக்கத்தை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த நோக்கம் அப்படியொன்றும் மட்டமானதும் அல்ல. உத்தியோகத்துக்காகப் படிப்பதை ஒரு குறையாகப் பேசுவது சோற்றுக்குக் கவலைப்படாதவர்களின் பழக்கம். 'அறிவுக்காகப் படி' என்று ஒருவன் சொல்லும்போது அவன் வீட்டு அரிசிப்பானையை யார் நிரப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

*

செமினரி மூடிய இரண்டாவது வருஷம், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர். இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. பாக் நீரிணையைத் தாண்டி வந்தவர்கள். அன்றைக்குப் பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. இன்றைய கணக்கில் பார்த்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளும் வெளிநாட்டு மாணவர்கள். அப்போது யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். 1887இல் கலித்தொகை. ஏட்டுச்சுவடிகளில் செல்லரித்துக்கொண்டிருந்த சங்க இலக்கியம் அச்சுக்கு வந்த கதையில் அவர் இடம் பெரியது. பாஸ்டன் சங்கத்தின் கணக்கேட்டில் இவர் நஷ்டம். சைவராகவும் ஆகிவிட்டார், அரசு உத்தியோகமும் பார்த்தார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'பாருங்கள், கலித்தொகை கிடைத்தது, ஆகவே கல்லூரி நியாயமாகிவிட்டது' என்று முடித்துவிடத் தோன்றும். அப்படி முடித்தால் நாமும் ஆண்டர்சன் மாதிரியே கணக்குப் பார்க்கிறோம். அவர் போதகர்களை எண்ணினார், நாம் பதிப்பாசிரியர்களை எண்ணுகிறோம். செமினரியில் படித்துவிட்டு ஏதோ ஒரு கச்சேரியில் முப்பது வருஷம் கோப்பு எழுதி, தங்கைமாரைக் கட்டிக்கொடுத்து, பெயர் தெரியாமல் செத்துப்போனவரும் அந்தக் கல்லூரிக்கு நியாயம் செய்தவர்தான். அவருக்காகவும் அது திறந்திருக்க வேண்டியதே. தாமோதரம்பிள்ளையைக் காட்டி அவரைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

கதைக்கு ஒரு அமெரிக்கக் கிளையும் உண்டு. ஹொய்சிங்டனுக்குப் பிறகு செமினரியின் தலைவராக இருந்தவர் சைரஸ் மில்ஸ். ஊர் திரும்பிய பிறகு அவரும் மனைவி சூசனும் கலிஃபோர்னியாவில் ஒரு பெண்கள் பள்ளியை வாங்கினார்கள். அது 1871இல் ஓக்லாந்துக்கு இடம் மாறி, மில்ஸ் கல்லூரி என்று புகழ்பெற்றது. 1990இல் அதன் அறங்காவலர்கள் இளங்கலை வகுப்புகளில் ஆண்களையும் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். மாணவிகள் வகுப்பைப் புறக்கணித்துக் கட்டடங்களை அடைத்து உட்கார்ந்தார்கள். இரண்டு வாரத்தில் அறங்காவலர்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். கல்லூரியின் நோக்கம் எது என்பதைத் தீர்மானிப்பதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள், அது எடுபட்டது. 2022இல் பணநெருக்கடியில் அந்தக் கல்லூரி ஒரு பெரிய பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது என்பது வேறு கதை. ஆனால் 1855இல் வட்டுக்கோட்டையில் கிடைக்காத ஒரு உரிமை 1990இல் ஓக்லாந்தில் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தார் சும்மா இருந்துவிடவில்லை. செமினரி மூடிய பிறகு உள்ளூர்க்காரர்களே ஒரு ஆங்கிலப் பள்ளியை நடத்தினார்கள். உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் விடாமுயற்சியால் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. மூடியவர்களைவிடப் படித்தவர்களுக்கே அது தேவைப்பட்டது.

*

சரி, இது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது இரண்டாவது கேள்வி.

1983க்குப் பிறகு அதே பாக் நீரிணையை மறுபடி மக்கள் தாண்டினார்கள். இந்த முறை பட்டத்துக்காக இல்லை, உயிருக்காக. மண்டபத்தில் இறங்கியவர்களை அரசு தமிழகம் முழுக்கப் பிரித்து அனுப்பியது. தர்மபுரி மாவட்டத்துக்கு வந்தவர்களில் பலர் வாணியாறு, நாகாவதி, தும்பலஅள்ளி என்று அணைக்கட்டுகளின் ஓரமாகக் குடியமர்த்தப்பட்டார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் குடியமர்த்தினார்கள். நாற்பது வருஷம் ஆகிறது. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புது வீடுகளும் கல்வி உதவித்தொகையும் அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை.

சட்டம் இப்படி இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், சில விதிவிலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். அதன்பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகியது. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும்தான் பேசுகிறது. இலங்கை அதில் இல்லை. எனவே, பெற்றோர் இருவரும் அகதிகளாக இருக்கும் பிள்ளை தர்மபுரியில் பிறந்து, தர்மபுரியில் பள்ளி முடித்து, "எங்கூர்ல" என்று தர்மபுரிப் பேச்சே பேசினாலும், கல்லூரி விண்ணப்பத்தில் நேஷனாலிட்டி என்ற கட்டத்துக்கு வரும்போது பேனா நிற்கும். அந்தக் கட்டத்தில் எழுதவேண்டிய நாட்டை அது பார்த்ததே இல்லை. வங்கியில் கல்விக்கடன் கேட்டால் இந்தியக் குடிமகனா என்பார்கள். படித்து முடித்தால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. காலேஜ்காரர்கள் நல்லவர்களாக இருந்தாலும் படிவம் நல்லதாக இருப்பதில்லை.

'இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம் இருக்கிறது. கல்லூரி விளம்பரத்தில் அது பெருமை. பல நாட்டுக் கொடிகளோடு ஒரு குழுப்படம் போடுவார்கள். முகாம்காரப் பிள்ளையை அந்தப் படத்தில் நிற்கவைக்க மாட்டார்கள். சட்டப்படி அந்தப் பிள்ளையும் வெளிநாட்டு மாணவர்தான். ஆனால் கட்டணம் வரும் வெளிநாடு வேறு, கண்ணீர் வந்த வெளிநாடு வேறு. வட்டுக்கோட்டையில் பார்த்த அதே விஷயம்தான்: தூரத்து அந்நியனுக்குக் கதவு திறக்கும், பக்கத்து அந்நியனுக்குத் தயங்கும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வியை நேர்மையாகக் கேட்டாக வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி. பென்னாகரத்துக் காட்டோரத்தில், சித்தேரி மலையில், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைகள் எத்தனையோ. "எங்க புள்ளைங்களுக்கே சீட் பத்தல, வெளியாளுக்கு எதுக்கு?" என்று ஒரு தகப்பன் கேட்டால் அதைக் கெட்ட எண்ணம் என்று தள்ளிவிட முடியாது. பற்றாக்குறையில் வருகிற கேள்வி அது.

அந்தத் தகப்பனிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். 'எங்க புள்ளைங்க' என்பதில் யார் யார் வருவார்கள் என்று காகிதத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. சின்ன வயதில் பல் முளைத்து வளரும் காலத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்துவிடும், தேய்த்தால் போகாது. தர்மபுரிக்காரர்களை வெளியூரில் பல்லை வைத்தே கண்டுபிடிப்பார்கள். இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் முகாம் பிள்ளைக்கும் அதே கறைதான். பல் எந்த ஊர் என்று சொல்லிவிட்டது. படிவம்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒருவர் ஒரு ஊருக்குச் சொந்தம் என்பது அந்த ஊரின் கஷ்டத்தில் அவருக்கும் பங்கு இருக்கிறதா என்பதில் இருக்கிறது. பற்றாக்குறையைக் காட்டி ஒருவரை வெளியே நிறுத்தும்போது, அந்தப் பற்றாக்குறையில் அவரும் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வாணியாற்று முகாமில் இருப்பவர் உட்கார்ந்திருக்கிறார். இடம் போதவில்லை என்றால் இடத்தைக் கூட்டச் சொல்லி அந்தத் தகப்பனும் முகாம்காரரும் ஒன்றாகக் கேட்க வேண்டியவர்கள்.

*

குடியுரிமையைக் கல்லூரி தர முடியாது. அது நாடாளுமன்றமும் நீதிமன்றமும் பார்க்க வேண்டிய விஷயம். 1987க்கு முன் முகாமில் பிறந்த ஒருவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் தரச்சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அதற்குப் பின் பிறந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

ஆனால் கல்லூரியின் கையில் இருப்பதும் கொஞ்சம் இல்லை. கட்டணத்தை எந்தப் பட்டியலில் போடுவது என்பது அதன் கையில் இருக்கிறது. சான்றிதழ் ஒன்று குறைந்தால் திருப்பி அனுப்புவதா, சேர்த்துக்கொண்டு பிறகு வாங்கிக்கொள்வதா என்பது அதன் கையில் இருக்கிறது. அரசு வேலைக்குப் போக முடியாத ஒரு மாணவருக்கு வேறு எந்த வழியில் வேலை தேடித்தரலாம் என்று யோசிக்க ஒரு ஆசிரியரை நியமிப்பது அதன் கையில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சி அனுமதி மறுத்தபோது பூரும் அவருடைய சகாக்களும் கடையை மூடிக்கொண்டு போகவில்லை. பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார்கள். சட்டம் ஒரு சொல்லைத் தடுத்தது, அவர்கள் காரியத்தை விடவில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்.

எதற்கு வந்தாய் என்று கேட்டால் மாணவர் 'வேலைக்கு' என்பார். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டால் 'வாணியாறு டேம்' என்பார். இரண்டுமே முழுமையான பதில்கள். அதற்குமேல் கல்லூரி கேட்க வேண்டியது, எந்தப் பாடத்தில் சேரப்போகிறாய் என்பதுதான்.